பிரிட்டிஷ் துப்பறியும் கதைகளில் கிறிஸ்துமஸ்: கேள்வி பதில்

கேள்வி: ஏன் இத்தனை கொலைகள் கிறிஸ்துமஸில் நடக்கின்றன?

பதில்: மற்ற நாளில் முகம் பார்த்துப் பேசாத சொந்தக்காரர்களும் அன்றைக்கு ஒரே வீட்டில் தங்கியாக வேண்டும். அகதா கிறிஸ்டியின் 'ஹெர்க்யூல் பாய்ரோஸ் கிறிஸ்துமஸ்' (1938) பாருங்கள். பணக்காரக் கிழவர் சிமியன் லீ பிள்ளைகளையெல்லாம் வரவழைக்கிறார். அவர்கள் காதில் விழும்படியே வக்கீலுக்குப் போன் போட்டு, உயிலை மாற்றப் போவதாகச் சொல்கிறார். அன்றிரவே கொலை. பண்டிகையில் மனக்கசப்பு மறந்துபோகும் என்பது அந்த ஊர்ப் போலீஸ் தலைவர் கர்னல் ஜான்சனின் கட்சி. துப்பறிவாளர் பாய்ரோ ஒத்துக்கொள்வதில்லை. இல்லாத அன்பை நாள் முழுக்கக் காட்டினால் எரிச்சல்தான் ஏறும் என்கிறார், அதிலும் வயிறு முட்டச் சாப்பிட்டுவிட்டு. இந்த வகைக் கதைகளின் உயிர்நாடியே இந்தப் பேச்சுதான்.

கேள்வி: பனி கட்டாயமா?

பதில்: இல்லை. ஆனால் ஜெஃபர்சன் ஃபார்ஜியனின் 'மிஸ்டரி இன் ஒயிட்' நாவலில் (1937) பனிதான் எல்லாம். ரயில் நின்றுவிட, பயணிகள் ஒரு வீட்டில் ஒதுங்குகிறார்கள். கணப்பு எரிகிறது, தேநீர் தயாராக இருக்கிறது, ஆள் மட்டும் இல்லை.

கேள்வி: சிமியன் லீயைக் கொன்றது யார்?

பதில்: சொல்ல மாட்டேன். இங்கே யாரும் சொல்லாதீர்கள்.

கேள்வி: கோனன் டாயில் எழுதிய ஷெர்லாக் ஹோம்ஸ் கதை 'புளூ கார்பங்கிள்' (1892). அதில் ரத்தினம் கூஸ் வாத்தின் தீனிப்பையில் (விழுங்கிய தீனி முதலில் தங்கும் கழுத்துப் பை) கிடைக்கிறது. கூஸுக்குத் தீனிப்பையே கிடையாதாமே?

பதில்: உண்மை. கோழிக்கு இருப்பது போன்ற தனிப் பை அதற்கு இல்லை.

கேள்வி: அப்போது கதையே தப்புதானே?

பதில்: எப்படித் தப்பாகும்? விழுங்கிய கல் வயிற்றுக்குள் போயிருக்கும், அறுத்தால் கிடைக்கும். கதை நிற்பது வேறு இடத்தில். லண்டன் பிரிட்டிஷ் மியூசியம் பக்கத்து ஆல்ஃபா விடுதியில் வாரம் சில பென்ஸ் கட்டினால், கிறிஸ்துமஸுக்கு ஒரு வாத்து. நம் தீபாவளிச் சீட்டு மாதிரிதான். ஹோம்ஸ் அந்த வாத்தின் வழியைப் பின்னோக்கிப் பிடித்துக்கொண்டே போகிறார்: விடுதிக்காரர், கோவென்ட் கார்டன் வியாபாரி, பிரிக்ஸ்டன் சாலையில் வாத்து வளர்க்கும் பெண்மணி. பண்டிகைச் சீட்டு இல்லையென்றால் இந்தச் சங்கிலியே இல்லை.

கேள்வி: கூஸுக்கு உணவுக்குழாய் விரியும் என்கிறார்களே, அதைத்தான் டாயில்...

பதில்: பறவை உடற்கூறு போதும். கால்நடை மருத்துவரைக் கேளுங்கள்.

கேள்வி: எதில் தொடங்கலாம்? கொலைகாரன் யாரென்றும் சொல்லுங்கள்.

பதில்: மறுபடியுமா! 'புளூ கார்பங்கிள்'. சிறுகதை, ஒரே மூச்சில் முடியும். எந்தப் புத்தகம் எடுத்தாலும் முன்னுரையைக் கடைசியில் படியுங்கள், முடிச்சை அங்கேயே அவிழ்த்துவிடுகிறார்கள்.