யாழ்ப்பாணக் கச்சேரிக்கு வரும் பாடகர்கள் பாட்டுகளை எப்படித் தெரிவு செய்கிறார்கள்?

பெரும்பாலும் இடத்தைப் பார்த்துத்தான். கோயில் திருவிழா என்றால் முருகன், அம்மன் பாடல்கள் முன்னுக்கு வரும். மண்டபக் கச்சேரியில், ஒரு ராகத்தை விரிவாகப் பாடும் ராகம் தானம் பல்லவிக்கும் இடமுண்டு.

இணுவில் வீரமணி ஐயர் எழுதிய 'கற்பகவல்லி நின் பொற்பதங்கள்' இங்கே அருமையான தெரிவு. மயிலாப்பூர் அம்மனைப் பாடினாலும் அது எங்கள் ஊர்க்காரர் பாட்டு அல்லவா! பல ராகங்களைக் கோத்த ராகமாலிகை அது. கல்யாணி, பாகேஸ்வரி, ரஞ்சனி என்று ராகத்தின் பெயர் வரியிலேயே வரும். அந்த இடம் வரும்போது முன்வரிசை அம்மாமார் உதட்டுக்குள் சேர்ந்து பாடுவார்கள். யாழ்ப்பாணத்து ஞானி யோகர் சுவாமிகளின் நற்சிந்தனைப் பாடல் ஒன்றைச் சேர்த்தாலும் சபை மனதால் நெருங்கிவிடும்.

அப்புறம், இது தவில் மேதை தெட்சணாமூர்த்தியைக் கேட்டு வளர்ந்த ஊர். தாளக் கலைஞர்கள் தனித்து வாசிக்கும் தனி ஆவர்த்தனத்தை மட்டும் சுருக்கவே கூடாது.