மூன்று வீடு, ஒரு உண்டியல்: சேர்ந்து செய்யலாமா?

கேள்வி: மண்டபம் பக்கம் கடலோரத்தில் இருக்கிறோம். மாமனார் இடத்தில் ஒட்டினாற்போல மூன்று வீடுகள்: எங்களுடையது, நாத்தனாருடையது, ஓரகத்தியுடையது. கட்டி இருபது வருடம் ஆகிறது. மூன்றிலும் கூரைத் தளத்தில் காரை பெயர்ந்து கம்பி தெரிகிறது. வீட்டுக்கு 4.5 லட்சம் ஆகும் என்கிறார் மேஸ்திரி. தளம் பழுதுபார்க்க 1.5 லட்சம், மீதி ஃபால்ஸ் சீலிங், மாடுலர் கிச்சன், டைல்ஸ், பெயின்ட். மூவரும் மாதம் 15,000 போட்டு, சீட்டு மாதிரி ஒவ்வொரு வீடாக முடிக்கலாம் என்று பேச்சு. பணம் ஓரகத்தியிடம் இருக்கும். என் கணவர் விசைப்படகில் போகிறார். நாத்தனார் அரசுப் பள்ளி ஆசிரியை. அவர் பேரில் கடன் வாங்கி மூவரும் கட்டினால் அவருக்கு வரிச்சலுகை உண்டா? அல்லது நகையை வைத்து ஒரேயடியாக முடித்துவிடலாமா?

பதில்: சகோதரி, கணக்கு என்னவோ சரியாகத்தான் வருகிறது. மாதம் 45,000, முப்பது மாதம், 13.5 லட்சம். ஆனால் முதல் வீடு முடியவே பத்து மாதம். மூன்றாவது வீட்டுக்காரர் இருபது மாதம் பணம் கட்டிய பிறகுதான் அவர் வீட்டில் முதல் சட்டி கலவை விழும். அதுவரை பெயர்ந்த தளத்துக்குக் கீழேதான் படுக்க வேண்டும். யார் முதல், யார் கடைசி என்று முடிவு செய்யும் அன்றைக்கே மனத்தாங்கல் ஆரம்பித்துவிடும். முதல் வீட்டுக்காரருக்குப் பதினோராவது மாதம் ஒரு கஷ்டம் வந்து தவணை நின்றால் யார் கேட்பது? சொந்தத்துக்குள் பத்திரமா எழுதப் போகிறீர்கள்?

சேர்ந்து செய்யுங்கள், ஆனால் வீடு வாரியாக வேண்டாம், வேலை வாரியாகச் செய்யுங்கள். முதலில் மூன்று தளமும். அதற்கு ஆகும் 4.5 லட்சம்தான் உங்கள் திட்டப்படி முதல் வீட்டுக்கு மட்டும் ஆவது. அதே பத்து மாதத்தில் மூன்று வீட்டுப் பிள்ளைகளும் பயமில்லாமல் தூங்கலாம். மற்ற வேலைகளை அப்புறம் அவரவர் வசதிப்படி வைத்துக்கொள்ளுங்கள். ஒருவருக்கு கிச்சன் முக்கியம், ஒருவருக்கு டைல்ஸ்.

பணத்தை ஒருவர் கையில் சேர்க்காதீர்கள். ஓரகத்தி மேல் எனக்குச் சந்தேகம் எதுவும் இல்லை. கையில் இருக்கும் பணத்துக்கு ஆஸ்பத்திரிச் செலவு, கல்யாணச் செலவு என்று எங்கிருந்தாவது ஒன்று வந்துவிடும். மூவரும் அவரவர் பெயரில் வங்கியில் ஆர்.டி. போடுங்கள். ஓராண்டுக்குக் குறைவான ஆர்.டி. பல வங்கிகளில் உண்டு. தபால் அலுவலக ஆர்.டி. ஐந்து வருடம், இதற்குச் சரிவராது.

உங்கள் வீட்டு வருமானத்துக்கு ஒரு தனிக் கணக்கு இருக்கிறது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். கையில் காசு வரும் மாதம் வீட்டுக்காரர் கடலில், அவர் வீட்டில் இருக்கும் மாதம் காசு வராது. ஜூலையில் ஆரம்பித்தால் ஏப்ரலுக்குள் பத்துத் தவணை, வீட்டுக்கு 1,50,000. மே, ஜூனில் நீங்கள் ஒன்றும் கட்ட வேண்டாம், அப்போது வேலையைத் தொடங்குங்கள். மழை இருக்காது, பக்கத்தில் நின்று பார்க்க ஆளும் இருக்கும். மேஸ்திரி வேலையில் கண் வைக்க ஓர் ஆண் பிள்ளை வேண்டும் என்பதற்காகச் சொல்லவில்லை. நீங்களே நிற்கலாம், ஆனால் சாரத்தில் ஏறித் தட்டிப் பார்க்க இரண்டு பேர் இருந்தால் நல்லது.

தளத்தை ஏன் இவ்வளவு பிடித்துக்கொள்கிறேன் என்றால், அந்தத் தப்பை நான் செய்திருக்கிறேன். தொண்டிப் பக்கம் எங்கள் பழைய வீட்டு ஹாலில் ஒரு பழுப்புக் கறை இருந்தது. அதற்கு மேல் ஃபால்ஸ் சீலிங் போட்டு, விளக்கும் வைத்து, வந்தவர்களிடமெல்லாம் காட்டினேன். இரண்டாவது மழையில் ஒரு பலகை தொங்கியது. கழற்றிப் பார்த்தால் உள்ளங்கை அகலத்துக்குக் காரை அதற்கு மேல் உட்கார்ந்திருந்தது, கம்பி ஏடு ஏடாக உரிந்துகொண்டிருந்தது. உப்புக்காற்றில் கம்பி துருப்பிடித்தால் வீங்கும், வீங்கினால் கான்கிரீட்டைப் பிளந்து தள்ளும். மேலே சிமென்ட் பூசி பெயின்ட் அடித்தால் உள்ளே துரு நிற்காது. புதிய பாம்பன் ரயில் பாலத்துக்கே துருப்பிடிக்காத எஃகுக் கம்பியும் துருவைத் தடுக்கும் பாலிசிலோக்சேன் பூச்சும் போட்டிருக்கிறார்கள். நம் வீட்டுத் தளத்துக்குச் சும்மா சிமென்ட் பூச்சு போதுமா?

மேஸ்திரியிடம் இப்படிக் கேளுங்கள்: தளர்ந்த காரை முழுவதையும் கொத்தி எடுப்பாரா, கம்பியின் பின்பக்கம் வரை துருவைத் தேய்ப்பாரா, துருத்தடுப்புப் பூச்சு அடித்து பாலிமர் கலவை வைப்பாரா? கம்பி மெலிந்திருந்தால் மேஸ்திரி பேச்சு போதாது, ஒரு இன்ஜினியர் வந்து பார்க்க வேண்டும். மூன்று வீட்டையும் ஒரே நாளில் காட்டினால் அவர் கூலியைப் பங்கு போடலாம். கலவைக்கும் நனைப்பதற்கும் உங்கள் கிணற்று உப்புத் தண்ணீரைத் தொடவிடாதீர்கள். நல்ல தண்ணீர் லாரிக்குத் தனியாகக் காசு எடுத்து வையுங்கள், மேஸ்திரி சொன்ன 1.5 லட்சத்தில் அது இருக்காது. சாரம், தண்ணீர் லாரி, மொத்தமாக வாங்கும் சிமென்ட், மேல்தளத்துக்குக் கூலிங் டைல்ஸ், இதிலெல்லாம்தான் மூவரும் சேர்வதில் உண்மையான லாபம். சிமென்டுக்கு ஜி.எஸ்.டி. 2025 செப்டம்பரில் 28-லிருந்து 18 சதவீதமாகக் குறைந்தது. பழைய விலையை வைத்து மதிப்பீடு போட்டிருக்கிறாரா என்று பாருங்கள். முன்பணம் ஒரு வாரச் சாமானுக்கு மேல் வேண்டாம். பத்தில் ஒரு பங்கை ஐப்பசி மழை பார்த்துவிட்டுக் கொடுங்கள்.

நாத்தனார் கடன் விஷயம்: வேண்டாம். கட்டாமல் போனால் வங்கி அவரைத்தான் கேட்கும், சம்பளக்காரர் வேறு. குடியிருக்கும் வீட்டைப் பழுதுபார்க்க வாங்கும் கடனுக்குப் பழைய வரிமுறையில் வட்டிக்கு ஆண்டுக்கு 30,000 ரூபாய் வரைதான் கழிவு, அதுவும் அவருக்குச் சொந்தமான வீட்டுக்கு மட்டும். அசலுக்குச் சலுகை இல்லை. புதிய வரிமுறையில் இருந்தால் வட்டிக்கும் இல்லை.

நகை? அழகு வேலைக்குக் கண்டிப்பாக வேண்டாம். இன்ஜினியர் பார்த்துவிட்டு 'இந்தத் தளம் மழை தாங்காது' என்றால், அந்தத் தொகைக்கு மட்டும் வங்கியில் வையுங்கள். அடகுக் கடையில் நூற்றுக்கு இரண்டு வட்டி என்றால் வருடத்துக்கு 24 சதவீதம், லட்சத்துக்கு 24,000. மீட்கும் தேதி தடைக்காலத்தில் விழாமல் பார்த்துக்கொள்ளுங்கள். மே மாதம் கெடு வைத்துவிட்டு ஏலக் கடிதத்தோடு என்னிடம் வந்தவர்கள் உண்டு.

கிச்சனுக்கு எம்.டி.எஃப். (மரநாரை அழுத்திச் செய்யும்) பலகை வாங்காதீர்கள், ஈரக்காற்றில் ஊதிவிடும். ஜன்னல் மாற்றினால் யு.பி.வி.சி. என்னும் கெட்டிப் பிளாஸ்டிக்கில் போடுங்கள். அவ்வளவுதான்.

இன்னொன்று நீங்கள் கேட்கவில்லை. மாமனார் இடம் என்கிறீர்கள். பட்டா இன்னும் அவர் பேரில்தானா? அப்படியானால் நீங்கள் போடும் லட்சங்கள் அவர் சொத்தில்தான் போகின்றன. அவர் இருக்கும்போதே தன் பிள்ளைகள் மூவருக்கும் செட்டில்மென்ட் பத்திரம் எழுதி, உட்பிரிவு செய்து தனிப்பட்டா வாங்கிவிட்டால் நல்லது. குடும்பத்துக்குள் என்பதால் முத்திரைத்தீர்வை 1 சதவீதம்தான், அதற்கும் உச்சவரம்பு உண்டு. ஆனால் இந்தப் பேச்சை நீங்கள் எடுக்காதீர்கள், 'மருமகள் சொத்தைப் பிரிக்கப் பார்க்கிறாள்' என்றாகிவிடும். உங்கள் கணவர் கரையில் இருக்கும் ஒரு நாளில், நாத்தனாரையும் வைத்துக்கொண்டு, அவரே தன் அப்பாவிடம் பேசட்டும்.