18 வருடம் பேருந்து ஓட்டியவருக்குப் பாதுகாப்புப் பயிற்சி எதற்கு?

கேள்வி: என் அண்ணன் 18 வருடமாகப் பேருந்து ஓட்டுகிறார். இதுவரை எதிலும் மோதியதில்லை. இப்போது வேலை செய்யும் இடத்தில் மூன்று நாள் பாதுகாப்புப் பயிற்சிக்குக் கட்டாயம் வரச் சொல்லியிருக்கிறார்கள். "ஓட்டத் தெரியாதவனுக்குத்தானே பயிற்சி" என்று கோபப்படுகிறார். அங்கே அப்படி என்னதான் சொல்லித் தருவார்கள்? அவருக்குப் பயன் இருக்குமா?

பதில்: இருக்கும். நான் 14 வருடம் பேருந்து ஓட்டிவிட்டு, கடந்த 9 வருடமாக ஓட்டுநர்களுக்குப் பயிற்சி கொடுத்து வருகிறேன். உங்கள் அண்ணனின் கோபம் எனக்கு நன்றாகத் தெரிந்த கோபம். முதல் நாள் காலையில் வகுப்பில் பாதிப் பேர் அந்த முகத்தோடுதான் உட்கார்ந்திருப்பார்கள். என்னை முதல் முறை பயிற்சிக்கு அனுப்பியபோது நானும் அப்படித்தான் உட்கார்ந்திருந்தேன்.

என்னை மாற்றியது ஒரு பயணம். ஓட்ட ஆரம்பித்து எட்டாவது வருடம். ஒரு நிறுத்தத்தில் வயதான அம்மா ஒருவர் ஏறினார். கதவை மூடினேன், கண்ணாடியைப் பார்த்தேன், சாலை காலியாக இருந்தது, வண்டியை எடுத்தேன். எப்போதும் எடுக்கிற மாதிரிதான். அவர் இன்னும் உட்காரவில்லை. ஒரு கையில் பை, இன்னொரு கை கம்பியைத் தேடிக்கொண்டிருந்தது. அப்படியே பின்பக்கமாக விழுந்தார். இடுப்பெலும்பு முறிந்துவிட்டது. வண்டியில் ஒரு கீறல் கூட இல்லை. என் பணிப் பதிவேட்டில் விபத்து என்று எதுவும் ஏறவில்லை. ஆனால் அந்த அம்மா அதற்குப் பிறகு துணையில்லாமல் நடக்கவில்லை என்று கேள்விப்பட்டேன். இன்றைக்கும் கதவு மூடும் சத்தம் கேட்டால் அவர் நினைவு வருகிறது.

உங்கள் அண்ணன் எதிலும் மோதியதில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். அது பெரிய விஷயம்தான், குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் கார் ஓட்டுகிறவருக்கு அது போதும், பேருந்து ஓட்டுகிறவருக்குப் போதாது. பேருந்துக்குள் அடிபடுகிறவர்களில் நிறையப் பேர் எந்த மோதலும் நடக்காமலேயே அடிபடுகிறார்கள். சடன் பிரேக், வெடுக்கென்று எடுப்பது, வேகமாகத் திருப்புவது, படியில் கால் இருக்கும்போதே நகர்த்துவது. இவற்றில் பாதி ஓட்டுநருக்கே தெரியாமல் போய்விடும், ஏனென்றால் அவர் முன்னால் பார்த்துக்கொண்டிருக்கிறார், விழுகிறவர் பின்னால் இருக்கிறார்.

அதனால் நல்ல பயிற்சி பின்னால் இருந்துதான் தொடங்கும். நான் முதல் நாளே ஓட்டுநர்களைப் பேருந்தின் கடைசி வரிசைப் பக்கம் நிற்க வைத்துவிடுவேன். ஒருவர் ஓட்டுவார், மற்றவர்கள் கம்பியைப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடி நிற்பார்கள். பத்து நிமிடம் போதும். பின் சக்கரத்துக்கும் பின்னால் நீட்டிக்கொண்டிருக்கும் பகுதி வேகத்தடையில் எப்படித் தூக்கிப் போடும் என்பது ஸ்டியரிங்கைப் பிடித்து உட்கார்ந்திருப்பவருக்குத் தெரியவே தெரியாது. இருபது வருடம் ஓட்டியவர்கள் இறங்கி வந்து பேசாமல் நிற்பதைப் பார்த்திருக்கிறேன்.

அப்புறம் ஒரு கணக்கு போடுவோம். மணிக்கு 40 கிலோமீட்டர் வேகத்தில் போகும் பேருந்தைக் காய்ந்த சாலையில் முழு பலத்தோடு பிரேக் அடித்தால் சுமார் 10 மீட்டரில் நிறுத்திவிடலாம். ஆனால் நின்றுகொண்டிருப்பவர்கள் தடுமாறாமல் நிறுத்த வேண்டுமானால் நான்கு மடங்கு, 40 மீட்டர் வேண்டும். இதெல்லாம் கால் பிரேக்கைத் தொட்ட பிறகு ஓடும் தூரம். ஆபத்தைப் பார்த்து, புரிந்து, காலை நகர்த்துவதற்குள் ஒன்றரை வினாடி போய்விடுகிறது. அதில் வண்டி இன்னொரு 16, 17 மீட்டர் ஓடியிருக்கும். ஆகவே பயணிகளை ஏற்றிக்கொண்டு ஓட்டுகிறவர் குறைந்தது 60 மீட்டர் முன்னால் நடப்பதைப் படித்துக்கொண்டே போக வேண்டும். "என் பிரேக் நல்லா பிடிக்கும்" என்று சொல்லும் ஓட்டுநரிடம் இந்தக் கணக்கைத்தான் காட்டுவேன். பிரேக் நன்றாகப் பிடித்தால் வண்டி நிற்கும். உள்ளே இருப்பவர்கள் நிற்க மாட்டார்கள்.

முன்கூட்டியே படிக்கும் பழக்கத்தை எப்படி வரவைப்பது? வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே ஓட்ட வைப்போம். "முன்னால் நிற்கும் காரின் சக்கரம் திரும்பியிருக்கு, கிளம்பப் போகுது. அந்தப் பையன் போனைப் பார்க்கிறான், என்னைப் பார்க்கலை. சிக்னல் ரொம்ப நேரமாப் பச்சையா இருக்கு, மாறப் போகுது." முதலில் எல்லோருக்கும் கூச்சமாக இருக்கும். அரை மணி நேரத்தில் சரியாகிவிடும். ஒருவர் எதைப் பார்க்கிறார், எதைத் தவறவிடுகிறார் என்பது அவர் வாயாலேயே வெளியே வந்துவிடும். ஜப்பானில் ரயில் ஓட்டுநர்கள் சிக்னலைக் கைநீட்டிக் காட்டி, அதன் நிறத்தை உரக்கச் சொல்லிவிட்டுத்தான் ஓட்டுகிறார்கள். அங்கே ரயில்வே தொழில்நுட்ப ஆய்வு நிறுவனம் 1994-ல் செய்த சோதனையில், கைகாட்டிச் சொல்வதால் தவறுகள் ஆறில் ஒரு பங்காகக் குறைந்தன. பழகிய வேலையை யோசிக்காமல் செய்துவிடும் மனதை அது உலுக்கி எழுப்பி வைக்கிறது. 18 வருட அனுபவத்தில் கை தானாக வேலை செய்யும், அது வரம். ஆனால் கண்ணும் தானாகவே போய்வர ஆரம்பித்தால், கண்ணாடி பக்கம் திரும்பும், பார்த்திருக்காது.

கண்ணாடி என்றதும் இன்னொன்று. முன் கண்ணாடிக்குப் பக்கத்தில் இருக்கும் தடித்த தூணையும் அதையொட்டிய பெரிய பக்கக் கண்ணாடியையும் சேர்த்துப் பார்த்தால், ஒரு முழு ஆள் மறைந்துபோகும் அளவு இடம் அது. திருப்பத்தில் சாலையைக் கடக்கும் ஆள் நடக்கும் வேகமும் வண்டி திரும்பும் வேகமும் ஒத்துப்போனால், அவர் கடைசி வரை அந்தத் தூணுக்குப் பின்னாலேயே இருப்பார். உட்கார்ந்த இடத்தில் தலையை மட்டும் திருப்பினால் தெரியாது. இருக்கையில் உடம்பை முன்னும் பக்கவாட்டிலும் அசைத்துப் பார்க்க வேண்டும். நிறுத்தி வைத்த வண்டியைச் சுற்றி ஒருவரை நடக்கவிட்டு, "கண்ணுக்குத் தெரியாமல் போனதும் கை தூக்குங்கள்" என்று ஓட்டுநரிடம் சொல்வோம். கை எத்தனை இடத்தில் தூக்குகிறார் என்று பார்த்து அவரே அதிர்ந்து போவார்.

மலைப்பாதை ஓட்டுகிறவராக இருந்தால் இந்தப் பகுதியைத் தவறவிடக் கூடாது. டீசல் மிச்சம் பிடிக்க இறக்கத்தில் நியூட்ரலில் விடும் பழக்கம் இன்னும் போகவில்லை. நியூட்ரலில் விட்டால் என்ஜின் தரும் பிடிப்பு போய்விடும், முழுப் பாரமும் பிரேக் மேல் விழும். பிரேக்கைத் தொடர்ந்து மிதித்துக்கொண்டே இறங்கினால் சக்கரத்தோடு சுழலும் டிரம் சூடாகி விரியும், அதில் உராய்ந்து வண்டியை நிறுத்தும் லைனிங் பிடிப்பை இழக்கும். அந்த நேரத்தில் மிதித்தால் மிதி இறங்கும், வண்டி நிற்காது. பிறகு "பிரேக் ஃபெயிலியர்" என்பார்கள். பிரேக்கைச் சூடேற்றிக் கொன்றதுதான் பல சமயம் உண்மை. என்ஜினையே அணைத்துவிட்டு இறங்குவது அதைவிட மோசம். பிரேக்குக்குக் காற்றழுத்தம் நிரப்பும் கம்ப்ரசரும் நின்றுவிடும், ஸ்டியரிங்கும் கல்லாகிவிடும். எந்த கியரில் ஏறுவீர்களோ அந்த கியரில் இறங்குங்கள், அதுவும் இறக்கம் தொடங்கும் முன்பே போட்டுவிடுங்கள் என்பதுதான் பழைய பாடம். ரிடார்டர் (பிரேக்கை மிதிக்காமலேயே வேகத்தைக் குறைக்கும் கருவி) இருக்கும் வண்டி என்றால் அதை எப்போது பயன்படுத்துவது, ஈரமான சாலையில் ஏன் கவனமாக இருப்பது என்பதும் சொல்லித் தருவார்கள்.

தூக்கம் பற்றிப் பேசும்போது எல்லோரும் டீ, பாட்டு, முகம் கழுவுவது என்று ஆரம்பிப்பார்கள். இவை சில நிமிடங்களைத்தான் வாங்கித் தரும். 17 மணி நேரம் தொடர்ந்து விழித்திருப்பவரின் கவனமும் கைவேகமும், ரத்தத்தில் 0.05 சதவீதம் மது இருப்பவரின் நிலைக்கு இறங்கிவிடுகின்றன என்று ஆய்வுகளில் கண்டிருக்கிறார்கள். மணிக்கு 80 கிலோமீட்டரில் மூன்று வினாடி கண் அசந்தால் வண்டி சுமார் 67 மீட்டர் ஆள் இல்லாமல் ஓடியதாக அர்த்தம். அதிகாலை 2 முதல் 6 வரை உடம்பு தானாகவே இறங்கும் நேரம், மதியத்துக்குப் பிறகு இன்னொரு சின்ன இறக்கம். பாதுகாப்பாக நிறுத்தி 15, 20 நிமிடம் தூங்குவதுதான் மருந்து, அதுவும் தற்காலிக மருந்து. பலமாகக் குறட்டை விட்டு, பகலில் அசதியாக இருக்கும் ஓட்டுநர் மருத்துவரைப் பார்க்கத்தான் வேண்டும். தூக்கத்தில் மூச்சு தடைப்படும் கோளாறு இருந்தால் எட்டு மணி நேரம் படுத்தும் தூங்காதவர் மாதிரிதான். இதை வகுப்பில் சொன்ன பிறகு இரண்டு பேர் தனியாக வந்து பேசியிருக்கிறார்கள். எனக்கு அது போதும்.

இங்கே ஒன்றை நேராகச் சொல்லிவிடுகிறேன். ஓட்டி முடிக்கவே முடியாத நேர அட்டவணையைக் கையில் கொடுத்துவிட்டு, மூன்று நாள் வகுப்பில் பொறுமையைப் போதிப்பது நியாயமில்லை. ஐரோப்பிய ஒன்றியத்தின் விதிப்படி நாலரை மணி நேரம் ஓட்டினால் 45 நிமிட ஓய்வு கட்டாயம். அந்த மாதிரி விதி இருந்தால்தான் வகுப்பில் கேட்டது சாலையில் நிற்கும். உங்கள் அண்ணன் தன் ஷிப்ட் நேரத்தைப் பற்றி அங்கே கேள்வி கேட்டால், அது பாதுகாப்புப் பற்றிய கேள்விதான். தயங்காமல் கேட்கட்டும்.

கோபமான பயணிகளைச் சமாளிப்பது, முதலுதவி, வண்டியை எடுக்கும் முன் டயர், விளக்கு, காற்றழுத்தம், கதவு சரிபார்ப்பது எல்லாமும் இருக்கும். இவற்றில் அவருக்குப் பாதி தெரிந்திருக்கும்.

ஆனால் பயணிகளை வெளியேற்றும் ஒத்திகையை ஓட்டுநர்கள் யாருமே அனுபவத்தில் கற்றிருக்க முடியாது, கற்கவும் கூடாது. 1988 மே மாதம் அமெரிக்காவின் கென்டக்கி மாநிலத்தில் கரோல்டன் அருகே ஒரு பேருந்து மேல், தவறான திசையில் வந்த வண்டி மோதியது. உள்ளே 67 பேர். மோதலில் யாரும் சாகவில்லை. எரிபொருள் தொட்டி கிழிந்து தீப்பிடித்தது, முன் கதவு அடைபட்டது, எல்லோரும் குறுகிய நடைபாதை வழியாகப் பின் கதவுக்கு முண்டியடித்தார்கள். 27 பேர் இறந்தார்கள், பெரும்பாலும் சிறுவர்கள். இதை வகுப்பில் சொல்லும்போது எனக்கு இன்னும் குரல் கம்மும். பதற்றத்தில் மனிதர்கள் ஏறிய கதவையே தேடி ஓடுவார்கள். மற்ற வழிகளைக் காட்ட வேண்டியவர் ஓட்டுநர். கதவின் அவசர வால்வு எங்கே இருக்கிறது, அதைத் திருப்பிய பிறகு கதவைக் கையால் தள்ள வேண்டும் என்பது, பக்க ஜன்னலைச் சுத்தியலால் நடுவில் அடிக்காமல் ஓரமாக மூலையில் அடிப்பது, பாட்டரி சுவிட்சை அணைப்பது. இவற்றை இருட்டில், புகை வாடையில், கை தானாகச் செய்யும் வரை பழக வேண்டும். உங்கள் அண்ணனிடம் இப்போதே கேட்டுப் பாருங்கள், அவர் வண்டியில் அவசர வழிகள் மொத்தம் எத்தனை என்று. தினமும் ஓட்டுகிறவர்களே பலர் கொஞ்சம் யோசித்துத்தான் சொல்கிறார்கள்.

அனுபவசாலிக்கு எதற்கு என்ற கேள்விக்கு வேறு நாடுகள் எப்போதோ முடிவு எடுத்துவிட்டன. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2003-ல் வந்த சட்டப்படி தொழில்முறைப் பேருந்து ஓட்டுநர் ஒவ்வொருவரும் 5 வருடத்துக்கு ஒரு முறை 35 மணி நேரம் பயிற்சிக்குப் போக வேண்டும். 30 வருடம் ஓட்டியவருக்கும் விலக்கு இல்லை.

பயிற்சிக்கு முன் ஒரு விடுமுறை நாளில், அவர் வழக்கமாக ஓட்டும் அதே தடத்தில் வேறொருவர் ஓட்டும் வண்டியில் ஏறி, பின்பக்கம் நின்றுகொண்டே கடைசி நிறுத்தம் வரை போய்வரச் சொல்லுங்கள். உட்கார வேண்டாம். எந்தெந்த இடத்தில் கை தானாகக் கம்பியை இறுக்கியது என்று ஒரு தாளில் குறித்து வைக்கட்டும். முதல் நாள் அந்தத் தாளோடு போனால், பயிற்சியாளரிடம் கேட்க அவரிடம் நிறைய இருக்கும்.