ஆள் கிடைத்தார், வேலையை விடத்தான் எனக்கு வரவில்லை

கேள்வி: வேலையைப் பிறரிடம் ஒப்படைப்பது பற்றிக் குறள், பைபிள் போன்ற பழைய நூல்கள் சொல்வது இன்றைக்குத் தொழில் நடத்த உண்மையில் உதவுமா?

உதவும். ஆனால் எல்லாரும் எடுத்துச் சொல்கிற குறள் எனக்குப் பெரிதாக உதவவில்லை. அதற்குப் பக்கத்தில் இருந்தவைதான் உதவின.

திருப்பூரில் பனியன் ஜாப் ஒர்க் யூனிட் வைத்திருக்கிறேன், அதாவது பிற கம்பெனிகளுக்குக் கூலிக்குத் தைத்துக் கொடுக்கிறோம். 40 பேர். நூல் கலர் பார்ப்பதிலிருந்து சனிக்கிழமை சம்பளம் போடுவது வரை எல்லாம் நானேதான். ஒருமுறை காய்ச்சலில் நான்கு நாள் படுத்துவிட்டு வந்து பார்த்தால், ஒரு ஆர்டர் அப்படியே நிற்கிறது. கழுத்து ரிப்புக்கு எந்த ஷேடு நூல் என்று நான் சொல்லவில்லையாம்.

கிறிஸ்தவ நண்பர் ஒருவர், "இது மோசே கதையேதானுங்க" என்றார். பைபிளில் யாத்திராகமம் 18-ஆம் அதிகாரம். இஸ்ரவேல் ஜனங்களின் தலைவரான மோசே காலையிலிருந்து சாயங்காலம் வரை தனி ஆளாக உட்கார்ந்து ஜனங்களின் வழக்கைத் தீர்க்கிறார். ஊரிலிருந்து வந்த மாமனார் எத்திரோ அதைப் பார்த்துவிட்டு, "நீர் செய்கிற காரியம் நல்லதல்ல" என்கிறார். ஆயிரம், நூறு, ஐம்பது, பத்துப் பேருக்கு ஒருவர் என்று தலைவர்களை வைக்கச் சொல்கிறார். சின்ன வழக்கை அவர்களே தீர்க்கட்டும், பெரியது மட்டும் உம்மிடம் வரட்டும் என்கிறார். சொல்லிவிட்டு ஊருக்குக் கிளம்பிவிடுகிறார், நம் கன்சல்டன்ட்கள் மாதிரியே. மோசேயோடு இருந்த 6 லட்சம் ஆண்களுக்கு இந்தக் கணக்கில் 78,600 தலைவர்கள் வேண்டும் என்று யூதர்களின் பழைய சட்ட நூலான தல்மூத் கூட்டிச் சொல்கிறது. ஏழெட்டுப் பேருக்கு ஒரு மேனேஜர்! எனக்குக் கட்டுப்படியாகாது.

சரி, ஒரே ஒரு ஆளாவது வைப்போம் என்று முடிவு செய்தேன். "இதனை இதனால் இவன்முடிக்கும் என்றாய்ந்து அதனை அவன்கண் விடல்" என்று எல்லாரும் எடுத்துச் சொல்கிற 517-ஆம் குறள் பள்ளியில் படித்ததுதான். யூனிட்டிலேயே சுத்தமாகத் தைக்கிற ஓவர்லாக் டெய்லரை சூப்பர்வைசர் ஆக்கினேன். ஒரு மாதம் ஓடவில்லை. யாரையும் ஒரு வார்த்தை கடிந்து பேச அவருக்கு வராது. தையல் கோணலாக வந்தால், தானே பிரித்து ராத்திரி உட்கார்ந்து தைத்துக் கொடுத்துவிடுவார். நல்ல டெய்லரும் போய், சூப்பர்வைசரும் இல்லாமல் நின்றேன்.

அப்புறம்தான் 'தெரிந்து வினையாடல்' அதிகாரத்தை முழுதாகப் படித்தேன். 517-க்கு மூன்று குறள் முன்னாலேயே வள்ளுவர் எச்சரித்திருக்கிறார்: "எனைவகையான் தேறியக் கண்ணும் வினைவகையான் வேறாகும் மாந்தர் பலர்" (514). எப்படியெல்லாம் சோதித்து எடுத்தாலும், வேலை கைக்கு வந்ததும் வேறு ஆளாகிவிடுகிறவர்கள் நிறைய. நானோ சோதிக்கவே இல்லை. தையலில் பார்த்த திறமையை நம்பி, ஆள் மேய்க்கிற வேலையைக் கொடுத்துவிட்டேன்.

அடுத்து, தைத்த பீஸைச் சரிபார்க்கிற செக்கிங்கில் இருந்த ஒரு அக்காவை சூப்பர்வைசர் ஆக்கினேன். யாரிடம் எப்படிப் பேசினால் வேலை நடக்கும் என்று அவருக்குத் தெரியும். இந்த முறை தப்பு முழுக்க என்னுடையது. தோள் தையல் விடுகிறது என்று அவர் லைனை நிறுத்துவார். உடனே டெய்லர்கள் எனக்குப் போன் அடிப்பார்கள். ஷிப்மென்ட் அவசரத்தில் நானும் "சரி, ஓட்டுங்க" என்பேன். இப்படி இரண்டு முறை நடந்தது. மூன்றாவது முறை அவர் லைனை நிறுத்தவே இல்லை. 1,200 பீஸ் ஆல்ட்ரேஷனுக்கு, அதாவது பிரித்துத் திருத்தித் தைக்க, திரும்பி வந்தது. "ஏன்க்கா சொல்லல?" என்று கேட்டேன். "சொன்னா மட்டும்?" என்று கேட்டுவிட்டு பீஸ் பிரிக்கப் போய்விட்டார்.

இதற்கும் குறள் இருக்கிறது. 517-க்கு அடுத்ததுதான்: "வினைக்குரிமை நாடிய பின்றை அவனை அதற்குரிய னாகச் செயல்." ஆளைத் தேர்ந்தெடுத்த பிறகு அந்த வேலைக்கு அவரையே உரியவராக்க வேண்டும். 517 சுவரில் மாட்டியிருக்கிற ஆபீஸ்கள் உண்டு. 518-ஐ மாட்டி நான் பார்த்ததில்லை.

எனக்கு ரொம்ப நாள் குழப்பமாக இருந்தவை இன்னும் இரண்டு. "தேரான் தெளிவும் தெளிந்தான்கண் ஐயுறவும் தீரா இடும்பை தரும்" (510). ஆராயாமல் நம்புவதும் துன்பம், நம்பிய பின் சந்தேகப்படுவதும் துன்பம். அதற்கு அடுத்த அதிகாரமான 'தெரிந்து வினையாடல்' அதிகாரத்தின் கடைசிக் குறளோ, அரசன் வேலை செய்பவனை நாள்தோறும் கவனிக்க வேண்டும் என்கிறது: "நாடோறும் நாடுக மன்னன்" (520). சந்தேகப்படவும் கூடாது, தினமும் பார்க்கவும் வேண்டும் என்றால் எப்படி?

நான் வந்து சேர்ந்த வழி இது. பகலில் லைன் பக்கம் போய் பண்டலைப் பிரித்துப் பார்ப்பதை விட்டுவிட்டேன். சாயங்காலம் பத்து நிமிடம் அக்காவோடு உட்காருவேன். இன்று எத்தனை பீஸ், எத்தனை ஆல்ட்ரேஷன், லைன் எங்கே நின்றது, ஏன் நின்றது, அவ்வளவுதான் கேட்பேன். எத்திரோ சொன்ன சின்ன வழக்குக்கும் ஒரு அளவு வைத்தோம்: 2,000 ரூபாய்க்குள் அட்வான்ஸ், ஊசி, ரிப்பேர் எதுவானாலும் என்னைக் கேட்க வேண்டாம். டெய்லர்கள் போன் செய்தால் "அக்காவைக் கேளுங்க" என்பதைத் தவிர வேறு பதில் சொல்வதில்லை. முதல் வாரம் நாக்கைக் கடித்துக்கொண்டுதான் இருந்தேன்.

ஒரு வித்தியாசம் மட்டும் மறக்கக் கூடாது. வள்ளுவர் பேசுவது அரசனிடம். என் ஆட்கள் பிடிக்காவிட்டால் திங்கட்கிழமை பக்கத்து யூனிட்டில் உட்கார்ந்திருப்பார்கள்.

அந்த ஓவர்லாக் டெய்லர் மிஷினுக்கே திரும்பிவிட்டார். பீஸ் ரேட்டில் சூப்பர்வைசர் சம்பளத்தைவிடக் கூடவே வாங்குகிறார். கட்டிங்கை மட்டும் இன்னும் நானே பார்க்கிறேன். துணி போனால் போனதுதான் என்று காரணம் சொல்லிக்கொள்கிறேன். அக்கா அதை நம்புவதாகத் தெரியவில்லை.