செர்னிவ்த்சி யாருடைய ஊர்? – கடிதமும் பதிலும்

அன்புள்ள எழுத்தாளருக்கு,

வணக்கம். என் அண்ணன் மகன் மருத்துவம் படிப்பதற்காக உக்ரைனின் செர்னிவ்த்சி நகருக்குச் சென்றவன். 2022 பிப்ரவரியில் போர் தொடங்கிய சில நாட்களில் ருமேனிய எல்லையைக் கடந்து ஊர் திரும்பினான். அதன் பிறகுதான் அந்த ஊரைப் பற்றிப் படிக்கத் தொடங்கினேன். படிக்கப் படிக்கக் குழப்பமே மிஞ்சியது. பவுல் செலான் என்ற ஜெர்மன் மொழிக் கவிஞர் அங்கே பிறந்தார் என்று ஒரு நூல் சொல்கிறது, ஆனால் அவர் பிறந்த நாடு ருமேனியா என்கிறது. வேறொரு கட்டுரையில் அதே ஊர் ஆஸ்திரியப் பல்கலைக்கழக நகரமாக வருகிறது. இன்னொன்றில் அது சோவியத் நகரம். ஒவ்வொன்றிலும் பெயரும் வேறு வேறு. உண்மையில் அது யாருடைய ஊர்? இத்தனை முறை கைமாறிய ஊருக்குத் தனக்கென்று ஒரு வரலாறு இருக்க முடியுமா?

அண்ணன் மகனிடம் கேட்டால், நகரத்தின் நடுப்பகுதியில் உள்ள கட்டடங்கள் எல்லாம் நூறாண்டுப் பழமையானவை, ஆனால் அவற்றில் முன்பு யார் இருந்தார்கள் என்று தன்னிடம் யாரும் சொன்னதில்லை என்கிறான். அவர்கள் விடுமுறை நாட்களில் படம் பார்க்கப் போன திரையரங்கும்கூட வளைவுச் சன்னல்களோடு ஏதோ வழிபாட்டு மண்டபம் போல இருந்ததாம்.

அன்புடன்,
திருச்சியிலிருந்து ஒரு வாசகி

அன்புள்ள வாசகிக்கு,

உங்கள் முதல் கேள்விக்குச் சட்டப்படியான பதில் எளியது. செர்னிவ்த்சி உக்ரைனின் நகரம். அந்நாட்டின் மாகாணங்களில் பரப்பளவில் மிகச் சிறிய மாகாணத்தின் தலைநகரம். 1997இல் ருமேனியாவும் உக்ரைனும் செய்துகொண்ட ஒப்பந்தம் இன்றைய எல்லையை உறுதிசெய்தது. இதில் குழப்பத்துக்கு இடமில்லை. ஆனால் 'உண்மையில் யாருடையது' என்ற சொல்லாட்சி எனக்குச் சற்று அச்சமூட்டுகிறது, ஏனென்றால் இருபதாம் நூற்றாண்டில் அந்த ஊருக்குள் நுழைந்த ஒவ்வொரு படையும் அந்தக் கேள்விக்கு ஒரு பதிலைக் கையில் வைத்துக்கொண்டுதான் நுழைந்தது. உங்கள் அண்ணன் மகன் கவனித்த விஷயமே எனக்கு முக்கியமாகப் படுகிறது. இரண்டு உலகப் போர்களையும் கடந்து அந்நகரத்தின் தெருக்களும் வீடுகளும் பெரும்பாலும் பிழைத்து நிற்கின்றன. அவற்றில் வாழ்ந்தவர்களில் பெரும்பாலோர் 1940க்கும் 1946க்கும் இடைப்பட்ட சில ஆண்டுகளில் இல்லாமல் போனார்கள். செர்னிவ்த்சியின் வரலாற்றை இந்த ஒன்றிலிருந்துதான் படிக்க வேண்டும் என்று நான் நினைக்கிறேன்.

முதலில் நிலத்தைப் பார்ப்போம். உக்ரைனின் மிக உயரமான சிகரமான ஹொவெர்லாவின் சரிவுகளில் தோன்றும் புரூத் ஆறு, கார்பாத்திய மலைகளிலிருந்து இறங்கித் தென்கிழக்காக ஓடி, கிட்டத்தட்ட 950 கிலோமீட்டர் கடந்து டான்யூபில் கலக்கிறது. மலை முடிந்து சமவெளி விரியத் தொடங்கும் இடத்தில், ஆற்றின் வலக்கரையில் உள்ள மேட்டின் மீது பழைய நகரம் அமைந்திருக்கிறது. வடக்கே இன்றைய மேற்கு உக்ரைனின் லிவிவ் நகரிலிருந்து வரும் வணிகப் பாதை தெற்கே இன்று ருமேனியாவில் உள்ள சுச்சாவாவுக்கும் அங்கிருந்து கருங்கடலை நோக்கியும் செல்ல, புரூத்தை எங்கேனும் கடந்தாக வேண்டும். அந்தத் துறையைக் காவல் காத்த ஊர் இது. அதற்கு முன்பே இடக்கரையில், லென்கிவ்த்சி என்ற இடத்தில், ஹாலிச் அரசுக் காலத்துக் கோட்டை ஒன்று இருந்து பதின்மூன்றாம் நூற்றாண்டில் அழிந்தது. சுற்றிலும் பீச் மரக்காடுகள். ஸ்லாவிய மொழிகளில் அந்த மரத்துக்கு 'பூக்' என்று பெயர். அதிலிருந்தே இந்நகரைச் சூழ்ந்த பகுதிக்குப் புக்கோவினா என்ற பெயர் வந்தது. கோட்டையாக வளர்வதற்கு வேண்டிய செங்குத்தான பாறையோ, துறைமுகமோ, சுரங்கமோ இங்கே இல்லை. கடந்துபோகிறவர்களால் வாழ்ந்த ஊர் என்பதால் கடந்துபோன எல்லோரும் அதில் கொஞ்சம் தங்கிவிட்டார்கள்.

எழுத்தில் இந்த ஊரின் பெயர் முதலில் வருவதும் இதற்குப் பொருத்தமாகச் சுங்கம் தொடர்பாகத்தான். 1408ஆம் ஆண்டு அக்டோபர் 8 அன்று அன்று இப்பகுதியை ஆண்ட மொல்தாவியா என்ற சிற்றரசின் ஆட்சியாளரான 'நல்ல அலெக்சாந்தர்' லிவிவ் வணிகர்களுக்கு அளித்த சாசனத்தில் தீர்வை வசூலிக்கும் இடங்களில் ஒன்றாக இவ்வூர் குறிக்கப்படுகிறது. பின்னர் மொல்தாவியா துருக்கிய சுல்தானின் மேலாட்சிக்கு உட்பட்டது. அடுத்த இரண்டரை நூற்றாண்டுகளில் ஊர் பெரிதாக வளரவில்லை.

1774இல் ரஷ்ய-துருக்கிப் போர் முடிந்தபோது ஆஸ்திரியப் படை உள்ளே வந்தது. மறு ஆண்டு ஒப்பந்தத்தின் மூலம் புக்கோவினா ஆஸ்திரியாவை ஆண்ட ஹாப்ஸ்பர்க் அரசகுலத்தின் பேரரசுக்குப் போயிற்று. இதன் காரணத்தை வரைபடமே சொல்லும். 1772இல் போலந்து முதன்முறை பங்கிடப்பட்டபோது ஆஸ்திரியாவுக்கு லிவிவை உள்ளடக்கிய கலீசியா என்ற பகுதி கிடைத்திருந்தது. தெற்கே திரான்சில்வேனியா ஏற்கெனவே அதன் வசம் இருந்தது. இரண்டையும் இணைக்கும் சாலை புக்கோவினா வழியாகச் சென்றது. ஒரு சாலைக்காக ஒரு நிலப்பகுதி எடுத்துக்கொள்ளப்பட்டது. அன்று செர்னிவ்த்சியில் இருந்தவை சில நூறு மர வீடுகள்.

அந்தச் சிற்றூர் ஒரு நூற்றாண்டில் என்ன ஆயிற்று என்று பாருங்கள். 1849இல் புக்கோவினா கலீசியாவிலிருந்து பிரிக்கப்பட்டுப் பேரரசுக்குள் தனி மாகாணமாக ஆக்கப்பட, செர்னோவிட்ஸ் என்ற ஜெர்மன் பெயரோடு இவ்வூர் அதன் தலைநகராயிற்று. 1866இல் லிவிவிலிருந்து இரயில் வந்தது. 1875இல் பேரரசர் பிரான்ஸ் யோசெப்பின் பெயரில் ஜெர்மன் வழிப் பல்கலைக்கழகம் திறக்கப்பட்டது. பேரரசின் கிழக்குக் கோடியில் இருந்த அந்தப் பல்கலைக்கழகத்தில்தான் பொருளாதார அறிஞர் யோசெப் ஷும்பேட்டர் 1909 முதல் 1911 வரை கற்பித்தார். செக் நாட்டுக் கட்டடக் கலைஞர் யோசெப் ஹ்லாவ்கா, கிழக்குத் திருச்சபையின் பேராயருக்காக 1864 முதல் 1882 வரை செங்கல்லால் எழுப்பிய மாளிகை இன்று அதே பல்கலைக்கழகத்தின் தலைமைக் கட்டடம். 2011இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் அது சேர்க்கப்பட்டது. வண்ண ஓடுகளால் பின்னல் கோலம் போட்ட அதன் கூரையை உங்கள் அண்ணன் மகன் பார்த்திருப்பான்.

1910ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் நகரத்தில் சுமார் 87,000 பேர் இருந்தார்கள். ஏறத்தாழ மூன்றில் ஒருவர் யூதர். உக்ரைனியர், போலியர், ருமேனியர், ஜெர்மானியர் ஆகியோர் ஒவ்வொரு பிரிவினரும் ஆறில் ஒரு பங்குக்குச் சற்று முன்பின்னாக இருந்தார்கள். எவரும் பெரும்பான்மையினர் அல்லர். ஒவ்வொரு சமூகமும் நகரத்தின் நடுவே தனக்கென்று ஒரு 'தேசிய இல்லம்' கட்டிக்கொண்டது. அவை ஒன்றுக்கொன்று நடந்து போகும் தொலைவில் இன்றும் நிற்கின்றன. இதை வைத்துக்கொண்டு அந்தக் காலத்தை ஒரு பொற்காலமாகச் சித்திரிப்பவர்களோடு நான் முழுவதும் உடன்படுவதில்லை. தனித்தனி இல்லங்கள் என்பதே தனித்தனிக் கோரிக்கைகளுக்கும் அடையாளம். எனினும் ஒரு கடைத்தெருவில் பிள்ளைகள் நான்கு மொழிகளைக் காதால் கற்று வளர்ந்தார்கள் என்பது மிகையல்ல.

இங்கே தமிழ் வாசகர்கள் நின்று கவனிக்க வேண்டிய செய்தி ஒன்று உண்டு. ஆஸ்திரியக் கணக்கெடுப்பு மக்களைப் பேச்சுமொழியால் பிரித்தது. ஆனால் ஜெர்மனோடு நெருங்கிய, கிழக்கு ஐரோப்பிய யூதர்களின் பேச்சுமொழியான யித்திஷை அது ஒரு மொழியாக ஏற்கவில்லை. வீட்டில் யித்திஷ் பேசியவர்களும் ஜெர்மன் பேசுவோர் பத்தியில்தான் எழுதப்பட்டார்கள். அந்த மொழிக்கு உரிய இடத்தைக் கேட்பதற்காக 1908ஆம் ஆண்டு ஆகஸ்ட் 30 முதல் செப்டம்பர் 4 வரை யித்திஷ் மொழி மாநாடு இதே நகரத்தில் கூடியது. ஹீப்ருவா, யித்திஷா என்ற வாதம் கடுமையாக நடந்தது. இறுதித் தீர்மானம் யித்திஷை யூத மக்களின் 'ஒரே தேசிய மொழி' என்று சொல்லவில்லை, 'ஒரு தேசிய மொழி' என்றே சொன்னது. அந்த ஒரு சொல்லுக்காக அவர்கள் எத்தனை மணி நேரம் வாதிட்டிருப்பார்கள் என்பதை மொழிக்காக வாதிட்டுப் பழகிய நமக்கு யாரும் விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை.

உக்ரைனியர்களைப் பின்னாளில் குடியேறியவர்களாக எண்ணிவிடக் கூடாது. பல நூல்களில் அந்தப் பிழை நேர்கிறது. வடபுக்கோவினாவின் கிராமங்களில் அவர்களே காலங்காலமாகப் பெரும்பான்மையினர். கவிஞர் யூரி ஃபெத்கோவிச் இந்த மண்ணைச் சேர்ந்தவர். பல்கலைக்கழகம் இன்று அவர் பெயரைத் தாங்கியிருக்கிறது. ஓல்ஹா கோபிலியான்ஸ்கா முதலில் ஜெர்மனில் எழுதத் தொடங்கிப் பின்னர் உக்ரைனிய உரைநடையின் முதன்மை எழுத்தாளர்களில் ஒருவராக ஆனவர். 1891 முதல் 1942இல் மறையும் வரை இந்நகரத்திலேயே வாழ்ந்தார். 1905இல் கட்டப்பட்ட நாடக அரங்கின் முன்னால் ஆஸ்திரிய ஆட்சியில் ஜெர்மன் கவிஞர் ஷில்லரின் சிலையை வைத்தார்கள். இன்று அங்கே இருப்பது கோபிலியான்ஸ்காவின் சிலை. ருமேனியர்களுக்கும் இவ்வூர் அந்நியமானதன்று. அவர்களுடைய தேசியக் கவிஞராகப் போற்றப்படும் எமினெஸ்கு இங்கேதான் பள்ளியில் படித்தார்.

முதல் உலகப் போரில் ரஷ்யப் படை மூன்று முறை நகரத்தைப் பிடித்தது. 1918 நவம்பர் 3இல் கூடிய உக்ரைனியரின் மக்கள் பேரவை உக்ரைனோடு சேரத் தீர்மானித்தது. 11இல் ருமேனியப் படை வந்தது. 28இல் வேறொரு பேரவை ருமேனியாவோடு இணைவதாக அறிவித்தது. ஒரே மாதத்தில் ஒரே ஊரின் எதிர்காலம் பற்றி இரண்டு தீர்மானங்கள். நிலைத்தது படை பின்னால் நின்ற தீர்மானம். செலான் 1920இல் பிறந்ததால் உங்கள் நூல் அவருடைய பிறந்த நாடு ருமேனியா என்கிறது. ஊரின் பெயர் ருமேனிய மொழியில் செர்னவுட்சி ஆயிற்று, பல்கலைக்கழகம் ருமேனிய மொழிக்கு மாறியது. யூத வீடுகளில் ஜெர்மன் தொடர்ந்தது.

இனி அந்த ஆறு ஆண்டுகளுக்கு வருகிறேன். 1939இல் ஹிட்லரின் ஜெர்மனியும் ஸ்டாலினின் சோவியத்தும் செய்துகொண்ட இரகசிய உடன்பாட்டில், புரூத் ஆற்றுக்கும் தினிஸ்தர் ஆற்றுக்கும் இடைப்பட்ட பெசரேபியா இருந்தது, புக்கோவினா இல்லை. அப்படியிருந்தும் 1940 ஜூனில் சோவியத் விடுத்த இறுதி எச்சரிக்கை, பெசரேபியாவை 22 ஆண்டுகள் ருமேனியா ஆண்டதற்கு ஈடு என்று சொல்லி வடபுக்கோவினாவையும் கேட்டது. லிவிவையும் பெசரேபியாவையும் இணைக்கும் இரயில் பாதை எந்த ஊர் வழியாகச் செல்கிறது என்று பாருங்கள். 1774இல் சாலை, 1940இல் இருப்புப்பாதை. ஜூன் 28இல் செம்படை வந்தது. அந்த இலையுதிர் காலத்தில் ஜெர்மானியர்கள் இரு அரசுகளின் உடன்பாட்டின்படி ஜெர்மனிக்கு இடம்பெயர்க்கப்பட்டார்கள். 1941 ஜூன் 13 இரவு, பல சமூகங்களையும் சேர்ந்த ஆயிரக்கணக்கானோரைச் சோவியத் காவலர்கள் சைபீரியாவுக்கு இரயிலேற்றினார்கள்.

அடுத்த மாதமே ருமேனியப் படை ஜெர்மானியக் கொலைப்படையோடு திரும்பியது. அக்டோபர் 11இல் நகரத்தின் யூதர்கள் அனைவரும், ஏறத்தாழ 50,000 பேர், சில தெருக்களுக்குள் அடைக்கப்பட்டார்கள். அங்கிருந்து தினிஸ்தர் ஆற்றுக்கு அப்பால் ருமேனியாவின் பிடியில் இருந்த டிரான்ஸ்னிஸ்திரியாவுக்கு அவர்களை அனுப்பத் தொடங்கினார்கள். பசியும் டைஃபஸ் காய்ச்சலும் துப்பாக்கியும் மிச்சத்தைப் பார்த்துக்கொண்டன. அன்றைய நகர மேயர் திராயன் பொபோவிச் ஒரு ருமேனிய வழக்கறிஞர். மேலிடத்தில் மன்றாடி, இவர்கள் இல்லாமல் நகரம் இயங்காது என்று வாதிட்டு, சுமார் 20,000 பேரை ஊரிலேயே இருக்க வைத்தார். 1942இல் அவர் பதவி நீக்கப்பட்டார். அந்த ஜூனில் மீண்டும் இரயில்கள் புறப்பட்டன. அவற்றில் ஏற்றப்பட்டவர்களில் செலானின் பெற்றோரும் இருந்தார்கள், இருவரும் திரும்பவில்லை. செல்மா மேர்பௌம் என்ற பெண் ஐம்பதுக்கும் மேற்பட்ட ஜெர்மன் கவிதைகளை விட்டுவிட்டு, அதே ஆண்டு டிசம்பரில் முகாமில் 18 வயதில் இறந்தாள். இதை எழுதும்போது நான் எண்களிலிருந்து விலகி அவள் வயதிலேயே நின்றுவிடுகிறேன். உங்கள் அண்ணன் மகன் அந்த ஊருக்குப் படிக்கப் போனபோதும் கிட்டத்தட்ட அதே வயதுதான் இருந்திருக்கும்.

1944 மார்ச்சில் செம்படை மீண்டும் வந்தது. உயிர் பிழைத்த யூதர்களில் பெரும்பாலோர் அடுத்த இரண்டு ஆண்டுகளில் ருமேனியாவுக்குப் போனார்கள், போலியர்கள் போலந்துக்குப் போனார்கள். சுற்றுக் கிராமங்களிலிருந்தும் சோவியத்தின் பிற பகுதிகளிலிருந்தும் வந்தவர்கள் காலி வீடுகளில் குடியேறினார்கள். அவர்களும் போரில் எல்லாம் இழந்தவர்கள். யாருடைய வீட்டுக்கு வந்திருக்கிறோம் என்று கேட்கும் நிலையிலும் இல்லை, கேட்டால் சொல்லும் ஆளும் இல்லை, சோவியத் ஆட்சியில் அது பேசக்கூடிய பொருளும் இல்லை. உங்கள் அண்ணன் மகனிடம் யாரும் சொல்லாததற்குக் காரணம் அலட்சியமாக இருக்க வேண்டியதில்லை. பலருக்கு அவர்களுடைய தாத்தா பாட்டியே அதைச் சொல்லவில்லை. 2001 கணக்கெடுப்பில் நகரத்தினரில் ஏறத்தாழ 80 விழுக்காட்டினர் உக்ரைனியர், யூதர்கள் ஒரு விழுக்காட்டுக்கும் குறைவு. சுமார் 50,000 கல்லறைகள் கொண்ட யூத இடுகாடு மட்டும் ஆற்றைப் பார்த்த மேட்டில் இருக்கிறது.

ஆகவே அந்த ஊருக்குத் தனக்கென்று ஒரு வரலாறு உண்டு, ஆனால் அதைச் சொல்ல வேண்டியவர்கள் பல நாடுகளில் சிதறிவிட்டார்கள். 1991க்குப் பிறகு நகரத்து உக்ரைனியர்களே அதைத் தேடி எடுக்கத் தொடங்கியிருக்கிறார்கள் என்பது எனக்கு ஆறுதலாக இருக்கிறது. செலானுக்கு அங்கே சிலை வைத்திருக்கிறார்கள். 2022இல், எல்லை சுமார் 40 கிலோமீட்டரில் இருந்ததால், உங்கள் அண்ணன் மகனைப் போன்ற மாணவர்கள் தெற்கே போனார்கள். அதே நாட்களில் கிழக்கிலிருந்து வீடிழந்து வந்த உக்ரைனியர்களுக்கு அந்நகரம் இடம் கொடுத்தது.

அந்தத் திரையரங்கைப் பற்றிச் சொல்ல மறந்துவிடக் கூடாது. அவன் நினைத்தது சரிதான். அது 1870களில் யூதர்கள் கட்டிய பெருங்கோயில். குவிமாடம் கொண்டதாக இருந்தது. உலகப் புகழ்பெற்ற பாடகர் யோசெப் ஷ்மித் இளம் வயதில் அங்கே வழிபாட்டுப் பாடல்களைப் பாடியவர். 1941 ஜூலையில் அதற்குத் தீ வைத்தார்கள். எரிந்து எஞ்சிய சுவர்களைக் கொண்டு, குவிமாடம் இல்லாமல், சோவியத் காலத்தில் அதைத் திரையரங்காக மாற்றினார்கள். 'கினோ' என்றால் திரையரங்கு; யூதர் கோயிலுக்குச் 'சினகோகா' என்று பெயர். உள்ளூர்க்காரர்கள் இரண்டையும் சேர்த்து அந்தக் கட்டடத்தைக் 'கினகோகா' என்று அழைக்கிறார்கள். அண்ணன் மகனிடம் அந்தச் சொல்லைச் சொல்லிப் பாருங்கள். அங்கே இருந்தபோது அவன் காதில் அது விழுந்திருக்கக்கூடும்.

அன்புடன்