பியோ ஒயினில் சல்ஃபைட் இருக்கலாமா?

கேள்வி: நண்பர் ஒருவர் பிக்பூல் தெ பினே என்னும் வெள்ளை ஒயினைப் பரிசளித்தார். புட்டியில் பியோ (இயற்கை வேளாண்மை) என்ற பச்சை இலை முத்திரையும், அதன் கீழேயே ‘சல்ஃபைட் உள்ளது’ என்ற குறிப்பும் காணப்படுகின்றன. இவை ஒன்றுக்கொன்று முரண் அல்லவா? ஆஸ்துமா உள்ள என் கணவர் இதை அருந்தலாமா? திறந்த பின் எத்தனை நாள் வைத்திருக்கலாம்?
– ஒரு வாசகி, பாரிஸ் புறநகர்

பதில்: முரண் இல்லை. ஐரோப்பிய விதிகள் 2012-ஆம் ஆண்டு வரை திராட்சைத் தோட்டத்தோடு நின்றுவிட்டதால், ‘இயற்கை வேளாண்மைத் திராட்சையில் செய்த ஒயின்’ என்று மட்டுமே அச்சிட முடிந்தது. அந்த ஆண்டின் அறுவடையிலிருந்துதான் விதிகள் ஒயின் தயாரிக்கும் கூடத்துக்குள்ளும் நுழைந்தன. ஒயின் கெடாமல் காக்கும் கந்தகச் சேர்மமான சல்ஃபைட்டை அவை தடை செய்யவில்லை, அளவைத்தான் குறைத்தன. சாதாரண இனிப்பற்ற வெள்ளை ஒயினில் லிட்டருக்கு 200 மில்லிகிராம் வரை இருக்கலாம். பியோ ஒயினில், சர்க்கரை 2 கிராமுக்குக் குறைவாக இருந்தால், உச்சவரம்பு 150 மில்லிகிராம். நொதிக்கும்போது ஈஸ்ட்டும் தன் பங்குக்குச் சிறிதளவு சல்ஃபைட்டை உண்டாக்குகிறது. லிட்டருக்கு 10 மில்லிகிராமைத் தாண்டினாலே அந்தக் குறிப்பு கட்டாயம் என்பதால், அது இல்லாத புட்டியைக் காண்பது அரிது.

வெள்ளை ஒயினுக்குச் சிவப்பைவிடக் கூடுதலாக அனுமதிப்பதற்கும் காரணம் உண்டு. சிவப்பு ஒயின் தோலோடு சேர்ந்து நொதிப்பதால் தோலின் துவர்ப்புப் பொருள்கள் அதைக் காக்கின்றன. வெள்ளைக்கு அந்தக் காப்பு மிகக் குறைவு. நறுக்கி வைத்த வாழைக்காய் கறுப்பதைப் போலவே, பிழிந்த சாறும் காற்றுப் பட்டால் பழுப்பேறிவிடும். அதைத் தடுப்பதுதான் சல்ஃபைட்டின் வேலை.

இந்த இடத்தில் உங்கள் புட்டியின் ஊரைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியாது. பினே என்பது தெற்கு பிரான்ஸின் லாங்தொக் பகுதியில், தோ உப்பங்கழியை ஒட்டிய சிற்றூர். அதனையும் சேர்த்து ஆறு ஊர்களின் தோட்டங்களில், பிக்பூல் என்ற ஒரே வகைத் திராட்சையிலிருந்து மட்டுமே இந்த ஒயினைச் செய்யலாம். நம் புவிசார் குறியீட்டைப் போன்ற தனி உரிமை 2013-இல் அதற்குக் கிடைத்தது. கோடையில் மழை குறைவு. பெய்தாலும் வடமேற்கிலிருந்து வீசும் வறண்ட காற்று இலைகளை விரைவில் உலர்த்திவிடுவதால், அடிச்சாம்பல் நோய் ஈரமான வட்டாரங்களைப் போல அங்கே ஆட்டம் போடுவதில்லை. ஆகவே இயற்கை வேளாண்மை அங்கே ஒப்பளவில் எளிது. (நோய் வந்தால் கந்தகமும் தாமிரமும் தெளிக்க அனுமதி உண்டு; நம் ஊர்த் தோட்டங்களுக்குப் பழக்கமான போர்டோ கலவை அத்தகைய தாமிர மருந்துதான். தாமிரத்துக்கு ஏழு ஆண்டுகளில் ஹெக்டேருக்கு 28 கிலோ என்ற வரம்பு உண்டு.) பிக்பூல் கடும் வெயிலிலும் புளிப்பை இழக்காத வகை என்பது இன்னொரு வசதி: புளிப்பு மிகுந்த ஒயினில் குறைந்த சல்ஃபைட்டே நன்றாக வேலை செய்யும்.

உங்கள் கணவரைப் பொறுத்தவரை, பியோ முத்திரையை மருத்துவச் சான்றாகக் கொள்ள வேண்டாம். ஆஸ்துமா உள்ளவர்களில் ஒரு சிறு பகுதியினருக்குச் சல்ஃபைட் மூச்சிரைப்பைத் தூண்டக்கூடும். 150 மில்லிகிராம் அவர்களுக்குப் பாதுகாப்பான அளவு என்று யாரும் உறுதி தர முடியாது. ஆரஞ்சு நிறம் மாறாத உலர் ஆப்ரிகாட் பழத்தைத் தின்றபோது அவருக்கு இழுப்பு வந்ததுண்டா என்று கேட்டுப் பாருங்கள்; அதில் கிலோவுக்கு 2,000 மில்லிகிராம் வரை சல்ஃபைட் அனுமதிக்கப்படுகிறது. வந்ததுண்டு என்றால் இந்த ஒயின் அவருக்கு வேண்டாம். இல்லை என்றாலும் மருத்துவரைக் கேட்ட பிறகே அருந்தட்டும். ‘சல்ஃபைட் சேர்க்கப்படவில்லை’ என்று அச்சிட்ட புட்டிகளும் கடைகளில் உண்டு. ஆனால் அவை விரைவில் கெடும், சுவையும் புட்டிக்குப் புட்டி மாறலாம் என்பதால், பரிசளிக்க நான் அவற்றைப் பரிந்துரைப்பதில்லை.

பிக்பூல் ஆண்டுக்கணக்கில் சேமித்து வைக்க வேண்டிய ஒயின் அன்று. அறுவடை ஆண்டிலிருந்து இரண்டு ஆண்டுகளுக்குள் திறந்துவிடுங்கள். 8 முதல் 10 டிகிரி வரை குளிர்வித்துப் பரிமாறினால் போதும். உள்ளூரார் உப்பங்கழியின் சிப்பியோடு அருந்துவார்கள். வறுத்த மீனுக்கு எலுமிச்சை பிழிந்தாற்போலவும் பொருந்தும். மிளகாய்க் காரம் தூக்கலான குழம்போடு மட்டும் வேண்டாம், காரம் இன்னும் எரியும். மீதியை இறுக மூடிக் குளிர்பதனப் பெட்டியில் நிமிர்த்தி வைத்தால் மூன்று நாள் தாங்கும். அதற்குப் பிறகு வெட்டிய ஆப்பிள் வாடிய மணம் எழுந்தால், இறால் வதக்கும் சட்டியில் ஊற்றிவிடுங்கள்.