படகு எஞ்சின்: கேள்வியும் பதிலும்

கேள்வி: கொள்ளிடம் முகத்துவாரத்தில் 10 குதிரைத்திறன் ஃபோர் ஸ்ட்ரோக் அவுட்போர்டு (படகின் பின்புறம் வெளியே மாட்டும் எஞ்சின்) ஓட்டுகிறேன். எஞ்சினிலிருந்து பீய்ச்சும் குளிர்விப்புத் தண்ணீர் மெலிந்துவிட்டது. ஏன்? பராமரிப்புக்கு என்னவெல்லாம் செய்ய வேண்டும், எதற்குச் செலவு அதிகம் பிடிக்கும்?

– வாசகர், சிதம்பரம்

பதில்: எஞ்சினை உடனே நிறுத்துங்கள். முதலில் தண்ணீர் பீய்ச்சும் துளையை மெல்லிய கம்பியால் குத்திப் பாருங்கள், சேறு அடைத்திருக்கலாம். கீழே தண்ணீர் உறிஞ்சும் சல்லடையில் பிளாஸ்டிக் பை ஒட்டியிருக்கிறதா? இரண்டும் சரியென்றால் இம்பெல்லர்தான், அதாவது தண்ணீரை மேலேற்றும் பம்பின் ரப்பர் சக்கரம். ஆற்று மணல் அதன் ரப்பர் இதழ்களைத் தேய்த்துவிடும். தண்ணீரில்லாமல் அரை நிமிடம் ஓடினாலும் கருகும். இதழ் உடைந்திருந்தால் துண்டுகளைத் தேடி எடுக்காமல் புதியதை மாட்டாதீர்கள். அவை குளிர்விப்புக் குழாயில் போய் அடைக்கும்.

எஞ்சின் ஆயில், கியர் ஆயில் இரண்டையும் 100 மணி நேரத்துக்கு ஒருமுறை, குறைவாக ஓட்டினாலும் ஆண்டுக்கொருமுறை மாற்றுங்கள். கியர் ஆயில் பால்போல் வெளுத்திருந்தால் சீல் வழியே தண்ணீர் புகுந்திருக்கிறது. புது கியர் ஆயிலைக் கியர் பெட்டியின் கீழ்த்துளை வழியாக, மேல்துளையில் வழியும்வரை ஏற்றுங்கள். துளைகளை மூடும் திருகுகளின் வாஷர்கள் புதிதாக இருக்கட்டும்.

உப்பு கலந்த நீர் என்பதால் ஒவ்வொரு ஓட்டத்துக்குப் பிறகும் 10 நிமிடம் நல்ல தண்ணீரில் ஓடவிடுங்கள். அலுமினிய ஆனோடு (எஞ்சின் அரிக்காமலிருக்க, தான் கரையும் உலோகத் துண்டு) பாதி கரைந்ததும் மாற்றுங்கள். அதன்மேல் பெயின்ட் அடிப்பவர்களும் உண்டு. அடித்தால் ஆனோடு வேலை செய்யாது.

பெரிய செலவு பெட்ரோல்தான்: முழு வேகத்தில் மணிக்குச் சுமார் 4 லிட்டர். முக்கால் வேகத்தில் கணிசமாகக் குறையும்.